தங்கவயல் பங்களாவில் நான் சொன்ன பொய்

திங்கட்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குக் காட்பாடியில் ரயில் ஏறினேன். பௌரிங்பேட்டைக்கு மூன்றாம் வகுப்புக் கட்டணம் ஒரு ரூபாய் மூன்றணா. தூரம் ஏறக்குறைய தொண்ணூற்றேழு மைல். கையில் ஒரு தகரப் பெட்டி, சுருட்டிய ஜமக்காளம், என் மனைவி எஸ்தர் வாழையிலையில் கட்டிக்கொடுத்த புளிச்சோறு. பழைய மகாராணி காலமான மறு வருஷம் அது. எனக்கு முப்பத்தொரு வயது. வேலூரில் எங்கள் மிஷன் பள்ளிக்கூடங்களை மேற்பார்வை பார்க்கும் உத்தியோகம்.

இந்தப் பயணத்தைப் பற்றி அப்போதே ஒரு கட்டுரை எழுதினேன். மிஷனின் மாதப் பத்திரிகையில் இரண்டு பக்கம் வந்தது. மலைச்சரிவில் ரயில் ஏறும் அழகு, சுரங்கத்தின் ஆழம், புதிதாக வந்திருந்த மின்சார விளக்கு எல்லாம் அதில் இருந்தன. நன்றாயிருக்கிறது என்று நாலு பேர் சொன்னார்கள். நான் அங்கே செய்தது மட்டும் அதில் இல்லை. அதை இப்போது எழுதுகிறேன்.

போன காரியம் இரண்டு. கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக நடக்கும் எங்கள் பள்ளிக்கூடத்தைச் சோதிப்பது ஒன்று. அங்கே இருக்கும் மெர்டன் பாதிரியாரின் மனைவிக்குத் தமிழ்ப் பரீட்சை வைப்பது மற்றொன்று. மிஷனில் சேர்ந்த வெள்ளைக்காரர்கள், மனைவிமார் உட்பட, இரண்டு தமிழ்ப் பரீட்சை தேற வேண்டும் என்பது விதி. புறப்படுவதற்கு முதல் நாள் காரியதரிசி துரை மூன்றாவதாக ஒன்று சொன்னார். "மெர்டனுடைய பிள்ளைகளைக் கொஞ்சம் கவனித்து வாருங்கள். பெண்ணுக்கு எட்டு வயது, பையனுக்கு ஐந்து. இதற்குள் இங்கிலாந்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். தாய் விடமாட்டேன் என்கிறாள். அடுத்த வாரப் புதன்கிழமை நம் ஆசிரியை ஒருத்தி சென்னையில் கப்பலேறுகிறாள். அவளோடு இரண்டு இடம் கேட்டு வைத்திருக்கிறோம்."

ஜுரத்துக்குப் பயந்து பாதிரிமார் தங்கள் பிள்ளைகளை ஆறேழு வயதிலேயே சீமைக்கு அனுப்பிவிடுவது வழக்கம். அங்கே உறவினர் வீட்டிலோ விடுதியிலோ வளர்வார்கள். பெற்றோர் ஏழு வருஷத்துக்கொரு முறை லீவில் போய்ப் பார்ப்பார்கள்.

குடியாத்தத்தில் ரயில் நின்றதும் ஒரு மேஸ்திரி இருபது இருபத்தைந்து பேரை வண்டியில் ஏற்றினான். சுரங்க வேலைக்குப் போகிறவர்கள். மூட்டை, சட்டி, கோழி, கைக்குழந்தை சகிதம் நெருக்கி உட்கார்ந்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்த பெண், "இன்னா சாமி, உங்களுக்கு எந்த ஊரு?" என்றாள்.

"வேலூர்."

"பொறந்த ஊரே அதானா?"

"ஆமாம்" என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறந்த ஊர் அதுவல்ல. குடியாத்தம் ஸ்டேஷனிலிருந்து நாலு மைலில் ஒரு சேரியில் பிறந்தேன். என் தகப்பன் பண்ணையாள். தாது வருஷப் பஞ்சத்தில் தகப்பனும் தாயும் அடுத்தடுத்துப் போனார்கள். அம்மாவின் தங்கை கன்னியம்மா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு இருபது மைல் நடந்து வேலூர் மிஷன் விடுதியில் விட்டாள். அப்போது எனக்கு ஆறு வயது. முனியனாகப் போனவனைச் சாமுவேல் ஆக்கினார்கள். தமிழ் கற்றுக்கொடுத்தார்கள். அதுவரை நான் பேசியது தமிழ் இல்லை என்று அங்கேதான் எனக்குத் தெரிந்தது. எஸ்தர் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். அவள் வீட்டார் என்னைத் தாய் தகப்பன் இல்லாத ஒரு வாத்தியார் பிள்ளை என்று நினைத்துப் பெண் கொடுத்தார்கள். நான் அப்படிச் சொன்னதில்லை. அவர்கள் நினைத்ததை மாற்றவுமில்லை.

ஜோலார்பேட்டையில் பாதை பெங்களூர்ப் பக்கம் திரும்புகிறது. அதற்குமேல் ஏற்றம். இரண்டு பக்கமும் பாறைக் குன்றுகள், இடையிடையே சீத்தாமரங்கள். குப்பம் தாண்டியதும் சமவெளி, கேழ்வரகுக் கொல்லைகள், முகத்தில் குளிர்ந்த காற்று. மத்தியானம் பன்னிரண்டரைக்குப் பௌரிங்பேட்டை. பிளேக் பயத்தினால் பிளாட்பாரத்திலேயே டாக்டர் நின்று ஒவ்வொருவராக நாடி பார்த்து, அக்குளைத் தொட்டுப் பார்த்து, சீட்டெழுதிக் கொடுத்தார். என் சட்டையையும் செருப்பையும் பார்த்து என்னை மட்டும் தொடாமல் அனுப்பினார். அதில் எனக்குச் சந்தோஷம்.

அங்கிருந்து மாரிக்குப்பத்துக்குக் கிளைப்பாதை. பத்து மைல், இரண்டணா. கோரமண்டல் ஸ்டேஷன் வருவதற்கு முன்பே சத்தம் வந்துவிட்டது. கல்லை இடித்துப் பொடியாக்கும் மில் அது. இரவும் பகலும் ஓயாது. பிறகு புகைபோக்கிகள், சுரங்க வாய்களின் மேல் நிற்கும் உயரமான சக்கரங்கள், தங்கம் எடுத்தபின் கொட்டிய சாம்பல் நிற மண்மேடுகள். அந்த மேடுகளின் அடியில் மூங்கில் தட்டி வைத்த குடிசைகள் வரிசை வரிசையாக நின்றன. அவற்றை லைன் என்கிறார்கள். அப்பால் ராபர்ட்சன்பேட்டை என்று ஒரு புதிய ஊருக்கு வீதி வகுத்துக்கொண்டிருந்தார்கள். முளைக்குச்சிகளும் கயிறும் மட்டும் தெரிந்தன.

மூன்று மணிக்கு மைசூர் மைன்ஸ் என்ற சுரங்கத்துக்குப் பக்கத்தில் மெர்டன் பாதிரியாரின் பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் வெறுங்காலோடு ஒரு வெள்ளைக்காரச் சிறுமி நின்றாள். சோளக்கதிரின் பட்டுநார் நிறத் தலைமயிரை இரட்டைப் பின்னலாகப் போட்டு, கனகாம்பரம் வைத்திருந்தது. அவள் உடுப்பைப் பிடித்துக்கொண்டு அதே நிறத்தில் ஒரு பொடியன்.

"வாங்க வாத்யாரே! இன்னா இவ்ளோ நேரம்? ரயிலு லேட்டா? குந்துங்க, தண்ணி எடுத்தாரச் சொல்றேன்" என்றாள்.

எனக்கு உடம்பு கூசியது. என் தாய் பேசிய பேச்சு அது. இருபத்தைந்து வருஷமாக என் நாக்கிலிருந்து பிரம்படியாலும் வெட்கத்தாலும் துடைத்து எடுத்த பேச்சு. அது ஒரு துரைமகள் வாயிலிருந்து, கொஞ்சமும் கூச்சமில்லாமல் வந்தது. பொடியன் வில்லி என் தகரப் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "இதுல இன்னா கீது?" என்றான்.

உள்ளேயிருந்து ஆயா தண்ணீர்ச் செம்போடு வந்தாள். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். மெலிந்த, நிமிர்ந்த உருவம். இடது காது மடல் கிழிந்து இரண்டாகத் தொங்கியது. என்னைத் தோளில் சுமந்து வேலூருக்கு நடந்தபோது, பசியில் நான் பிடித்து இழுத்துக் கிழித்த காது அது. அவள் செம்பை நீட்டியபடியே நின்றாள். செம்பு சாய்ந்து தண்ணீர் தரையில் சிந்தியது.

"முனியா?" என்றாள், வாய்க்குள்ளேயே.

நான் செம்பை வாங்கி, குடித்து, அவள் முகத்தைப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்து, "பாதிரியார் எங்கே?" என்று கேட்டேன். அவள் ஒரு கணம் பார்த்தாள். பிறகு, "மில்லாண்ட போயிக்கிறாருங்க. இப்ப வந்துடுவாரு" என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்தைச் சோதித்தேன். எழுபத்தெட்டுப் பிள்ளைகள். வாய்ப்பாடு நன்றாகச் சொன்னார்கள், வாசிப்பு மோசம். மாலையில் அந்தச் சிறுமி எடித் என்னை லைனுக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒவ்வொரு குடிசையிலும் அவளுக்கு ஒரு உறவு முறை இருந்தது. ஒருத்தி அத்தை, ஒருத்தி பெரிம்மா. ஒரு வீட்டில் மூன்று நாளாகப் புருஷன் ஷிப்டுக்குப் போகவில்லை. கல் விழுந்து கால் வீங்கியிருந்தது. எடித் கட்டைப் பிரித்துப் பார்த்து, "எங்க நைனாகிட்ட சொல்லி மருந்து அனுப்புறேன்" என்றாள். அந்தப் பெண், "நீ சொன்னா வரும் கண்ணு" என்று அவள் கன்னத்தைத் தடவினாள். பங்களாவுக்குத் திரும்பும்போதே என் மனதில், "பிள்ளைகள் தகாத இடங்களில் பழகுகிறார்கள்" என்ற வாக்கியம் தயாராகிவிட்டது.

புதன்கிழமை காலை ஏழரைக்குப் பலகாரம். மேஜையின் ஒரு கோடியில் பாதிரியார். நாற்பது வயது, அதிகம் பேசாத மனிதர். எதிரே அவர் மனைவி. பிள்ளைகள் இருவரும் எனக்கு எதிரில். ஆயா வெண்ணெய்த் தட்டோடு கதவருகில் நின்றாள்.

எடித் திடீரென்று, "வாத்யாரே, நீங்க எங்க ஆயாவோட அக்கா மவனாமே?" என்றாள்.

என் கையிலிருந்த கரண்டி பீங்கானில் பட்டு ஒலித்தது.

"ஆயா முந்தாநாளு அடுப்பாண்ட அயுதுச்சி. நான் விடாம கேட்டேன். அப்புறந்தான் சொல்லிச்சி. தாது வருசத்துல உங்களைத் தோள் மேல தூக்கிகினு நடந்துச்சாம். எனக்கு எப்பவும் சொல்ற கதை அது. அந்தப் புள்ள நீங்கதானாமே?"

பாதிரியார் என்னைப் பார்த்தார். அவர் மனைவியும் பார்த்தாள். இருவர் முகத்திலும் இகழ்ச்சி எதுவுமில்லை. நல்ல செய்தி கேட்கப் போகிறவர்களின் ஆவல்தான் இருந்தது. அதை இன்று நினைத்தால் தாங்க முடியவில்லை. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த மேஜையில் எல்லோரும் எழுந்து எங்கள் கையைப் பிடித்திருப்பார்கள்.

"இல்லை" என்றேன். "அந்த அம்மாள் ஆளை மாற்றி நினைத்திருக்கிறாள். நான் வேலூரிலேயே பிறந்தவன்."

யாரும் பேசுமுன் ஆயா சொன்னாள்: "ஆமாங்க. நான்தான் தப்பா நெனச்சிட்டேன். கண்ணு முன்ன மாதிரி தெரியல. வாத்யாரு மன்னிச்சிக்கணும்."

"ஆயா பொய் சொல்லாது!" என்று எடித் கத்தினாள்.

"சும்மா இரு எடித்தம்மா" என்றாள் ஆயா. குழந்தையை அவள் அதட்டி அன்றுதான் முதல்முறை கேட்டதாகப் பாதிரியாரின் மனைவி, துரைசானி, பிறகு சொன்னாள். பாதிரியார் மெதுவாக, "சாராள், உறுதியாகத் தெரியாததைக் குழந்தைகளிடம் சொல்லக்கூடாது" என்றார். கன்னியம்மா இங்கே ஞானஸ்நானம் பெற்றுச் சாராள் ஆகியிருந்தாள். "சரிங்க" என்று வெண்ணெய்த் தட்டை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு வராந்தாவில் துரைசானிக்குப் பரீட்சை. வாசிப்பு, மொழிபெயர்ப்பு முடிந்தபின் அரைமணி நேரம் சம்பாஷணை. எந்த விஷயம் வேண்டுமானாலும் பேசலாம் என்றேன். அவள் கைக்குட்டையை மடியில் வைத்து மடித்துக்கொண்டே, "என் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறேன்" என்றாள்.

"மிஷன் கமிட்டி உங்களைக் கேட்கும், எனக்குத் தெரியும். அதனால் உங்களிடம் சொல்கிறேன். ஏழு வருஷம் கழித்து நான் சீமைக்குப் போவேன். ரயிலடியில் ஒரு பெரிய பெண் நிற்பாள். அவள் எடித்தா என்று நான் யாரைக் கேட்பேன்? வில்லி என்னை நீங்கள் என்று கூப்பிடுவான். ஜுரம் வரும் என்கிறார்கள். வரும். என் சின்னக் குழந்தைக்கு வந்தது. கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. ஒரு பிள்ளையை இந்த மண்ணில் வைத்தேன். மற்ற இரண்டையும் கடலில் வைக்கச் சொல்லுது கமிட்டி."

"'சொல்லுது' அல்ல அம்மா" என்றேன். "'சொல்கிறது'."

அவள் என்னைப் பார்த்தாள். கண் நிறைந்திருந்தது. "சொல்கிறது" என்று பள்ளிப்பிள்ளை போலத் திருப்பிச் சொன்னாள்.

நான் தாளில் குறித்துக்கொண்டேன். அந்த நிமிஷத்தில் என் கை செய்துகொண்டிருந்த வேலை அதுதான்.

பரீட்சை முடிந்து எழுந்தபோது குரலைத் தாழ்த்தி, "ஒன்று கேட்கலாமா? சாராள் பொய் சொல்கிறவள் அல்ல. நீங்கள் உண்மையைச் சொன்னால் என்னோடு இருக்கும். வேறு யாருக்கும் தெரியாது" என்றாள்.

எனக்குத் திறந்துவிட்ட கதவு அது. "அவள் தவறாக நினைத்திருக்கிறாள் அம்மா" என்று அதையும் சாத்தினேன். பிறகு, "நீங்கள் தேறிவிட்டீர்கள்" என்றேன். அவள், "நான் தேறுவதற்காகப் பேசவில்லை" என்று சொல்லி உள்ளே போனாள்.

வியாழக்கிழமை காலை பாதிரியார் என்னைச் சுரங்கம் பார்க்க அழைத்துப் போனார். கூண்டில் நின்று முந்நூறு அடி இறங்கினோம். ஈரமும் வெடிமருந்து நாற்றமும் மூக்கை அடைத்தன. இதையெல்லாம் பத்திரிகையில் விவரமாக எழுதினேன். மேலே வந்து வெளிச்சத்தில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கும்போதுதான் கேட்டார். கேட்பதற்காகவே அழைத்து வந்திருக்கிறார்.

"எனக்குத் தெரியவில்லை, சாமுவேல். இங்கே வைத்தால் இன்னொரு கல்லறை ஆகுமோ என்று பயம். அனுப்பினால் என் மனைவி என்ன ஆவாள் என்று பயம். நீங்கள் வெளியாள், நான்கு நாள் கூட இருந்து பார்த்தீர்கள். உங்களுக்கும் ஒரு குழந்தை இருக்கிறது. என்ன சொல்கிறீர்கள்? நீங்கள் சொல்வதுபோல் தந்தி கொடுக்கிறேன்."

நான் சொன்ன வார்த்தைகளை மாற்றாமல் எழுதுகிறேன். "அனுப்பிவிடுங்கள் ஐயா. இங்கே இருந்தால் லைன் பிள்ளைகளாகத்தான் வளர்வார்கள். பேச்சே கெட்டுவிட்டது. ஆயா சொல்லும் கதையை எல்லாம் நம்புகிறார்கள். நேற்றுக் காலை நீங்களே பார்த்தீர்களே."

அவர் தொப்பியைக் கழற்றி உள்ளே எதையோ தேடுவதுபோல் பார்த்தார். பிறகு நேராகத் தந்தி ஆபீசுக்கு நடந்தார்.

அந்தப் பிள்ளைகளின் நன்மைக்காகவே சொன்னேன் என்று பத்து மாதம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது இல்லை. புதன்கிழமை காலையிலிருந்து எடித் என்னோடு பேசவில்லை; என்னைப் பார்ப்பாள், அவ்வளவுதான். அந்தப் பார்வை இந்த நாட்டிலேயே இருக்கக்கூடாது என்று விரும்பினேன்.

வெள்ளிக்கிழமை முழுதும் பெட்டி கட்டினார்கள். துரைசானி அறையை விட்டு வரவில்லை. ஆயாதான் ஒவ்வொரு சட்டையாக மடித்து வைத்தாள். சீமைக் குளிருக்கென்று கம்பளித் துணிகளை மேலே வைத்தாள். அந்த வழியாகப் போன என்னிடம், "வாத்யாரே, கப்பல்ல ராத்திரில குளிருமா? வில்லி போர்வைய ஒதச்சித் தள்ளிடும்" என்றாள். எனக்குத் தெரியாது என்றேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு மாரிக்குப்பத்தில் ரயில். துரைசானி பங்களா வாசலோடு நின்றுவிட்டாள். பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு அவள் அழவில்லை. வண்டி நகர்ந்தபின் வாயிற்கம்பத்தைக் கட்டிக்கொண்டதைத் திரும்பிப் பார்த்தேன். ஆயா பௌரிங்பேட்டை வரை வந்தாள். பாதிரியார் தம்மோடு இரண்டாம் வகுப்பில் என்னையும் ஏற்றினார். சென்னை ரயில் நகரத் தொடங்கி, ஆயா பிளாட்பாரத்தில் பின்னால் போனபோதுதான் வில்லிக்கு விஷயம் புரிந்தது.

"ஆயா ஏறல! நைனா, ஆயா ஏறல! வண்டிய நிறுத்து!"

பாதிரியார் மடியில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ஏதேதோ சொன்னார். சந்தோஷத்துக்கெல்லாம் அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் உதவியது. அழும்போது ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. மூச்சு முட்ட அழுதான். முகம் நீலம் பாரித்தது. "நீங்கள் தமிழில் சொல்லிப் பாருங்கள்" என்றார் என்னிடம்.

"அழாதே தம்பி. நாம் எல்லோரும் கடலைப் பார்க்கப் போகிறோம்" என்றேன். கோயிலில் பிரசங்கம் கேட்கிறவனைப் போல ஒரு விநாடி என்னைப் பார்த்துவிட்டு இன்னும் உரக்க அழுதான். குப்பம் தாண்டியும் ஓயவில்லை. அவன் உடம்பு விறைப்பதைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது. அவனை வாங்கி மார்போடு அணைத்தேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை.

"அயாதடா கண்ணு. இன்னாத்துக்கு இப்பிடி அயுவுற? வா, நெஞ்சு மேல படு. நான் கீறேன் இல்ல? எங்கியும் போவ மாட்டேன்டா ராசா."

முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னேன். சொல்லச் சொல்ல இன்னும் இன்னும் வந்தது. வில்லி விம்மினான், விம்மல் குறைந்தது, என் சட்டையைக் கைக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டான்.

எடித், "எங்க ஆயா மாதிரியே பேசறீங்க" என்றாள். நான்கு நாளில் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

 ஜோலார்பேட்டையில் ரயில் இருபது நிமிஷம் நிற்கும். வண்டி நின்றபின் பாதிரியார் சொன்னார்: "சாராள் சொன்னது உண்மை."

"உண்மை ஐயா."

"எத்தனை வயதில் உங்களை விடுதியில் விட்டார்கள்?"

"ஆறு."

அவர் என் மார்பில் தூங்கும் பையனைப் பார்த்தார். "எத்தனை நாள் அழுதீர்கள்?"

"நாலைந்து மாதம்."

"பிறகு?"

"பிறகு அழவில்லை ஐயா. அவர்களை மறந்துவிட்டேன்."

அவர் எழுந்து கதவருகில் போய் நின்றார். எதிர்த் தண்டவாளத்தில் பெங்களூர் போகும் ரயில் நின்றது. இருபது அடி தூரம். பெட்டிகளை இறக்க ஒரு கூலி போதும். மாலைக்குள் மாரிக்குப்பம் போய்விடலாம். 'இறங்கிவிடுங்கள் ஐயா, நான் சொன்னது தப்பு' என்ற சொற்கள் என் வாயில் இருந்தன. அவர் அதற்காகவே காத்து நிற்பதுபோல் ஒருமுறை திரும்பியும் பார்த்தார். காரியதரிசி துரைக்கு என்ன பதில் சொல்வது, எஸ்தர் வீட்டாருக்கு எப்படித் தெரியவரும் என்றெல்லாம் நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பெங்களூர் ரயில் முதலில் புறப்பட்டது. அது போகும்வரை அவர் கதவை விட்டு வரவில்லை.

காட்பாடியில் வில்லியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து என் சட்டையை விடுவித்துக்கொண்டு இறங்கினேன். பாதிரியார் கை நீட்டினார். என் மேல் கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "உங்களைக் கேட்டது என் தப்பு" என்று மட்டும் சொன்னார்.

இதை எஸ்தரிடம் சொல்ல எனக்குப் பத்து மாதம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, பிறந்த சேரியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தி, "இத்தனை நாள் உங்கள் சின்னம்மாவை அங்கேயே ஏன் விட்டு வைத்தீர்கள்? போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்றாள். எதற்குப் பயந்து இவ்வளவும் செய்தேனோ அது அந்த ஒரு வாக்கியத்தோடு முடிந்தது. பயப்பட ஒன்றுமே இருந்திருக்கவில்லை என்பது எனக்கு ஆறுதலாக இல்லை.

அடுத்த வாரம் மறுபடி மாரிக்குப்பம் போனேன். பங்களாவில் துரைசானி இல்லை; பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். சமையலறைப் பின்வாசலில் சின்னம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தேன். 

"வந்தியா முனியா" என்றாள், நேற்றுத்தான் போனவனிடம் சொல்வதுபோல். "எளச்சிப் போய்ட்டியே."

எங்களோடு வந்துவிடு என்றேன். தலையை ஆட்டினாள். "அந்தம்மாவுக்கு யாருடா கீறாங்க? ஐயா லைனு லைனா போயிடுறாரு. ராவுல நாங்க ரெண்டு பேரும் குந்திகினு புள்ளைங்களப் பத்திப் பேசுவோம். நானும் வந்துட்டா அது யாராண்ட பேசும்? உன் கொயந்தைய ஒரு தபா கூட்டியாந்து காட்டு. போதும்."

பிறகு எழுந்து உள்ளே போய்ச் சீமைத் தபால் ஒன்றைக் கொண்டுவந்தாள். "எடித்து கடுதாசி. முந்தாநாளு வந்துச்சி. அந்தம்மா படிச்சிக் காட்டிச்சி. நீ ஒரு தபா படி, கேக்கலாம்."

ஆங்கிலத்தில் ஒரே பக்கம். அழகான சாய்ந்த எழுத்து. பள்ளியில் சங்கீதத்தில் பரிசு கிடைத்தது. வில்லிக்கு இருமல் குணமாகிவிட்டது. அவனுக்கு இப்போது தமிழ் ஒரு சொல்கூட நினைவில்லை. கடைசி வரியில், 'வேலைக்காரர்களை நாங்கள் விசாரித்ததாகத் தெரிவிக்கவும்.' ஆயா என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை.

நான் படித்தேன். சங்கீதம், இருமல். அப்புறம், "ஆயாவுக்கு நூறு முத்தம். ஆயா கதை சொல்லாமல் தூக்கம் வரவில்லை. ஆயாவை நினைத்துக்கொண்டே இருக்கிறோம்" என்று தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். இன்னொரு காயை எடுத்து உரித்தாள்.

"அந்தம்மாவும் இப்பிடித்தான் படிச்சிச்சி" என்றாள். "அதும் அயிதுகினே படிச்சிச்சி. உன் குரலும் மாறிப்போச்சி. அப்பிடி எயுதல, இல்ல?"

நான் தாளைத் தாழ்த்தினேன்.

"பரவால்லடா. நீ இஸ்கூல்ல சேந்த மறு வருசம் ஒண்ணு எயுதிப் போட்டியே. நான் மேஸ்திரிகிட்ட காட்டிப் படிக்கச் சொன்னேன். 'இவ்விடம் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும்'னு இருந்துச்சி. வேற இன்னா எயுதிகீறான்னு கேட்டேன். அவ்ளோதான்னாரு. கொயந்த நல்லா படிக்குது போலன்னு நெனச்சிகினேன்."

கடிதத்தை வாங்கிப் பழைய மடிப்பிலேயே மடித்தாள். "இத அந்தம்மா மேசையில வச்சிட்டு வரேன். நான் கேட்டேன்னு அதுகிட்ட சொல்லிடாத. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு கீது" என்று சொல்லி எழுந்து போனாள்.

நாலு பத்துக்கு எனக்கு ரயில். அவள் ஸ்டேஷனுக்கு வரவில்லை. துரைசானி பள்ளிக்கூடத்திலிருந்து வரும் நேரம், தேநீர் போட வேண்டும் என்றாள். மறுநாள் காலை வீட்டுக்கு வந்தபோது என் மகள் முற்றத்தில் மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, நான் கற்றுக்கொடுத்தபடியே, "வாருங்கள் அப்பா" என்றாள்.